தலைக்காயத்தோடு வீடு திரும்பிய அண்ணன்: இனி வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

மண்டபத்துத் தம்பி எழுதியது (ஏப்ரல், இரண்டாம் வாரம்):

அனைவருக்கும் வணக்கம். வீட்டு விஷயத்தைப் பொதுவில் வைப்பது அம்மாவுக்குப் பிடிக்காது என்பதால் நான்கு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரு பை மாத்திரையையும் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார்கள். அந்த நான்கு பக்கத்தில் எங்களுக்குப் புரிந்தது மறுபரிசோதனைத் தேதி ஒன்றுதான்.

பிப்ரவரிக் கடைசியில், சவூதிக்குப் புறப்பட்ட எங்கள் தாய்மாமாவை மதுரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, மாமாவின் காரை அண்ணன் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பினார். விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். பரமக்குடியைத் தாண்டிச் சத்திரக்குடி வருவதற்கு முன்பு, சாலையோரத்தில் விளக்கு எதுவும் போடாமல் நிறுத்தியிருந்த ஒரு சரக்கு லாரியின் பின்புறத்தில் கார் மோதிவிட்டது. 108 வண்டி இராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தது, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். சுயநினைவை அளக்கும் 15 புள்ளிக் கணக்கில் அண்ணனுக்கு 7 தான் இருந்தது என்றார்கள். மூளையின் இடப்பக்கத்தில் உறைந்திருந்த இரத்தத்தை எடுத்தார்கள். மூளை வீங்குவதற்கு இடம் வேண்டும் என்று மண்டை ஓட்டில் உள்ளங்கை அளவு எலும்பை வெட்டி எடுத்து, அதை அவர் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இன்றைக்கும் குளிப்பாட்டும்போது அவருடைய வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். வலது தொடை எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறது. வலது கைக்கும் காலுக்கும் வலு குறைவு. மூக்கில் உணவுக் குழாய் இருக்கிறது. 41 நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம்.

அண்ணன் விசைப்படகு என்ஜின் மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையேறிப் பராமரிப்புக்கு வரும். அவருக்கு வருடம் முழுவதற்குமான வருமானத்தில் பெரும்பங்கு அந்த 61 நாளில் வருவதுதான். இப்போது என்ஜின் ஓடும் சத்தம் வீட்டுக்குள் கேட்டாலே எழ முயல்கிறார், குழாயைப் பிடுங்குகிறார், தடுத்தால் அடிக்கிறார். வாழ்நாளில் அம்மாவை நோக்கிக் குரல் உயர்த்தாதவர், இப்போது எழுத முடியாத வார்த்தைகளைச் சொல்கிறார். ஏழு வயது மகளின் பெயர் காலையில் நினைவிருக்கிறது, மாலையில் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை "காரு என்னாச்சு?" என்று கேட்கிறார். மதனி உண்மையைச் சொல்கிறார், பெரியப்பா "ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது" என்கிறார், நான் பேச்சை மாற்றுகிறேன். உறவினர்களில் பாதிப்பேர் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம் எழுதியது:

தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். கோபத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் குழாயையும் முதுகையும் கவனியுங்கள், ஏனென்றால் வீட்டுக்கு வந்தபின் நோயாளி மீண்டும் மருத்துவமனைக்குப் போக நேர்வது பெரும்பாலும் நெஞ்சுச் சளியாலும் படுக்கைப் புண்ணாலும்தான்.

குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைமாடு 30 பாகையாவது உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும், ஆகவே சாய்வுப் பலகை வைத்து முதுகு முழுவதையும் உயர்த்துங்கள். உணவு இறங்கியபின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே இருக்கட்டும். மூக்கருகே குழாயில் ஒரு மைக்கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். பிடுங்கிக்கொண்டால் நீங்களாகத் திரும்பச் செருகவும் கூடாது. பாசத்தில் யாராவது "ஒரு வாய் தண்ணீர்தானே" என்று வாயில் ஊற்றுவார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் குறைந்தவருக்குக் கெட்டியான கூழைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. அது தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழலுக்குள் ஓடிவிடும். விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து மருத்துவர் அனுமதித்தபின் கேழ்வரகுக் கூழ் பதத்தில் தொடங்கலாம்.

இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவையுங்கள், இரவிலும்தான். யார் எந்த மணிக்கு எழுவது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் எல்லா மணிக்கும் உங்கள் மதனியே எழுந்துகொண்டிருப்பார். இன்னொன்று நம் கரைக்கே உரியது. விலைக்கு வாங்குகிற குடிநீரைச் சிக்கனப்படுத்தி, விரிப்பைக் கிணற்று உப்புநீரில் அலசிக் காயப்போடுவோம். உப்பு ஏறிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நாள் முழுதும் அதன்மேல் கிடக்கிற முதுகு வெந்துவிடும். கடைசி அலசல் ஒன்றையாவது நல்ல தண்ணீரில் போடுங்கள். குடத்துக்கு எத்தனை ரூபாய் ஆனாலும் புண் வந்தபின் ஆகும் செலவைவிடக் குறைவு.

---

கீழக்கரை வாசகி எழுதியது:

சகோதரரே, எங்கள் வாப்பாவுக்கும் கார் விபத்தில் தலையில் அடிபட்டது. உங்கள் பதிவைப் படித்தபோது எங்கள் வீட்டின் முதல் மூன்று மாதம் கண்முன் வந்தது. வாப்பா உம்மாவைக் கை நீட்டி அடித்தார்கள். நாங்கள் அதை அவர்களுடைய குணம் கெட்டுப்போய்விட்டதாக எண்ணி அழுதோம். அடிபட்ட மூளை விழித்தெழுகிற வழியில் இப்படி ஒரு கட்டம் பலருக்கு வரும் என்றும், நடந்ததைப் பதிந்துவைக்கும் திறன் திரும்பாத வரை அவர்களுக்கு ஒவ்வொரு கணமும் புது இடத்தில் கண் விழிப்பது போல இருக்கும் என்றும் மருத்துவர் விளக்கிய பிறகுதான் எங்களுக்குக் கோபம் போனது.

எங்கள் வீட்டில் கைகொடுத்தவை சில. பார்க்க வருகிறவர்களைக் குறைத்தோம். நம் ஊர்களில் நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் மனத்தாங்கல் ஆகிவிடும் என்பதால், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் வந்து கட்டிலைச் சூழ்ந்து "என்னைத் தெரிகிறதா, நான் யார் சொல்லுங்கள்" என்று தேர்வு வைப்பார்கள். அன்று இரவெல்லாம் வாப்பா தூங்கமாட்டார்கள். காக்கா (என் அண்ணன்) வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோரையும் திண்ணையோடு உபசரித்து அனுப்பினார். சிலர் வருத்தப்பட்டார்கள், படட்டும். உள்ளே போகிறவர் ஒருவர் மட்டும், தம் பெயரையும் உறவையும் தாமே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வைத்தோம். மாலை நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தினோம். களைப்பு ஏற ஏற நினைவு மங்கும். உங்கள் அண்ணனுக்கு மகளின் பெயர் காலையில் இருந்து மாலையில் இல்லாமல் போவது அதனாலாக இருக்கலாம்.

காரைப் பற்றிக் கேட்பதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்வதுதான் தவறு. உண்மையை இரண்டே வாக்கியத்தில், எல்லோரும் ஒரே சொற்களில், ஒரே குரலில் சொல்லுங்கள்: "விபத்து நடந்தது. கார் போய்விட்டது, நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்." பத்து முறை கேட்டால் பத்து முறையும் அதுவே. நாங்கள் அதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, தேதி கிழிக்கும் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினோம். வாப்பா கேட்பதற்கு முன் அதைப் பார்க்கத் தொடங்கிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

---

பனங்காட்டான், சாயல்குடிப் பக்கம் எழுதியது:

இவ்வளவு சொன்ன நீங்கள் யாரும் ஏர்வாடியைப் பற்றிச் சொல்லவில்லை. என் சித்தப்பா மகனுக்கு இப்படித்தான் பேச்சு தடுமாறியது. தர்காவில் நாற்பது நாள் தங்கினார்கள், மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள், இன்று நன்றாக இருக்கிறான். இதற்கு மதம் ஒன்றும் தடையில்லை, நாங்கள் இந்துக்கள்தான். நம்பிக்கையை எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

---

கீழக்கரை வாசகி எழுதியது:

சாயல்குடி அண்ணன் அவர்களுக்கு மரியாதையுடன் சொல்கிறேன். அந்தத் தர்காவில் துவா கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. வாப்பாவுக்காகவும் கேட்டோம், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தியதால் குணமானது என்று பொதுவில் எழுதாதீர்கள். தலை அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் வலிப்புத் தடுப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். வலிப்பில் கட்டிலிலிருந்து விழுந்தால், எலும்பு இல்லாத அந்த இடத்தில் மூளைக்கும் தரைக்கும் நடுவே இருப்பது தோல் மட்டுமே.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அது தர்காவின் குற்றமன்று. நம்மைப் போன்ற குடும்பங்கள் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போன மனிதர்கள் அவர்கள். இப்போது தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் துவாவும் சேர்ந்தே நடக்கட்டும் என்று அரசு மனநல மருத்துவர்களே அங்கு வந்து பார்க்கிறார்கள். ஆகவே போகிறவர்கள் மாத்திரைப் பையோடும் வீட்டு ஆள் ஒருவரோடும் போகட்டும்.

---

இயன்முறை மருத்துவர், பரமக்குடி எழுதியது:

மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. என் துறையில் மட்டும் சில.

படுத்தே கிடக்கிறவருக்குப் பாதம் முன்பக்கமாகத் தொங்கி, குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் குறுகிவிடும். ஆறு வாரத்தில் அது இறுகிவிட்டால், பிறகு காலுக்கு வலு வந்தாலும் குதிகால் தரையில் படாது. வலது பாதம் செங்குத்தாக நிற்கும்படி இப்போதே தாங்கு பட்டை போடுங்கள். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் நாளைக்கு மூன்று வேளை மெதுவாக முழு அளவுக்கு மடக்கி நீட்ட வேண்டும். வலுவில்லாத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு நழுவும். தொடையில் கம்பி வைத்தவர் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை அறுவை செய்த எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் பக்கத்து வீட்டு அனுபவம் உதவாது.

கடற்கரை மணலில் நடக்கவிட்டால் கால் பலப்படும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள், எல்லாரிடமும் சொல்கிறார்கள். மணல் காலுக்குக் கீழே நழுவும். பாதம் தூக்க முடியாதவர் அதில் விழுவார். சிமெண்டுத் தரையும் பிடித்து நடக்க ஒரு சுவரும் போதும். எலும்பைத் திரும்ப வைக்கும் வரை, கட்டிலை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் தலைக்கவசம் போடுங்கள்.

செலவை எண்ணி வாரம் ஒரு நாள் மட்டும் மையத்துக்கு அழைத்து வருவதைவிட, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை மட்டுமே கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் அதில் உண்டு. வருகிறவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு மற்ற நாள்களில் நீங்கள் செய்ய வேண்டும்.

---

நீதிமன்றத் திண்ணை எழுதியது:

நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இழப்பீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019இல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். உங்களுக்கு ஆகஸ்ட் வரைதான். "நம் ஆள்தானே போய் மோதினார், நமக்கு என்ன கிடைக்கும்" என்று பல குடும்பங்கள் இருந்துவிடுகின்றன. விளக்கும் எச்சரிக்கைக் குறியும் இல்லாமல் ஆபத்தான நிலையில் வண்டியை நிறுத்தியதும் அலட்சியம்தான். தீர்ப்பாயம் இரு பக்கத் தவற்றையும் பங்கு பிரித்து, உங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கித் தரும். முதல் தகவல் அறிக்கையில் லாரி விளக்கில்லாமல் நின்றது எழுதப்பட்டிருக்கிறதா என்பதை உடனே பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு, ஆம்புலன்ஸ் ரசீது எதையும் எறியாதீர்கள். அண்ணனுக்கு மாத வருமானம் எவ்வளவு என்பதற்கு, அவரிடம் என்ஜின் கொடுத்த படகு உரிமையாளர்களின் கணக்கு நோட்டும் ஒரு சான்றாகும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன்பின் ஆன செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பயன்பட்டதா என்பதையும் ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

மண்டபத்துத் தம்பி எழுதியது (ஜூன், முதல் வாரம்):

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. உணவுக் குழாயை மே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். இப்போது கூழும், முள் எடுத்து மசித்த விளைமீனும் சாப்பிடுகிறார். கீழக்கரைச் சகோதரி சொன்ன அட்டையை மாட்டினோம். முதல் வாரம் ஒரு பயனும் இல்லை. பெரியப்பாவை அந்த இரண்டு வாக்கியத்துக்குச் சம்மதிக்கவைப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. மனுவும் போட்டாயிற்று.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரை அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்று என்ஜின் சத்தம் கேட்காதபடி ஜன்னலை அடைத்து வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்த இயன்முறையாளர், அவருக்குப் பழக்கமான பொருள் எதையாவது கையில் கொடுத்துப் பாருங்கள் என்றார். அண்ணனின் ஸ்பேனர் பெட்டியைக் கட்டிலில் வைத்தேன். கரண்டிக்குக் கரண்டி என்ற சொல் வராமல் "அது, அது" என்று தவிக்கிறவர், பக்கத்தில் கிடந்த ஒரு போல்ட்டைப் பார்த்துவிட்டு, இடது கையால் பெட்டியைத் துழாவிப் பதினேழாம் நம்பரை எடுத்தார். போட்டுப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. எண்ணைக் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. அன்று முதல் தினமும் காலையில் அரை மணி நேரம், பழைய என்ஜின் உதிரிகளை மண்ணெண்ணெயில் துடைத்து அளவு வாரியாகப் பிரித்து வைப்பது அவர் வேலை. வலது கையால் துணியைப் பிடிக்கிறார். அந்த அரை மணி நேரத்தில் அவர் யாரையும் திட்டியதில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டோம்.

மதனியைப் பற்றித்தான் கவலை. எடை குறைந்துவிட்டது, யாரோடும் பேசுவதில்லை. நேற்று அடுப்படியில் நின்றபடியே தூங்கிவிட்டார்.

---

இயன்முறை மருத்துவர், பரமக்குடி எழுதியது:

கை பழகிய வேலையின் நினைவு, பெயரையும் எண்ணையும் வைத்திருக்கும் நினைவிலிருந்து வேறானது. தலைக்காயத்தில் பெரும்பாலும் அது தப்பித்துக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போகலாம். அரை மணியை ஒரு மணியாக்க அவசரப்படாதீர்கள், முகத்தில் களைப்புத் தெரிவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

---

தொண்டிக்காரி எழுதியது:

தம்பி, நான் உங்கள் மதனியின் இடத்தில் இரண்டு வருடம் இருந்தவள். கடைசி வரிகளைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த இழையில் கட்டிலுக்கும் குழாய்க்கும் ஸ்பேனருக்கும் யோசனை வந்திருக்கிறது. எழுந்தவுடன் யார் முகத்தைப் பார்த்துத் திட்டுகிறாரோ அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் உயிரோடு என் முன்னால் இருந்தார், ஆனால் நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனிதரைக் காணவில்லை. இதைச் சொல்லி அழுதால் "தாலி தப்பியதே, அதற்கு நன்றி சொல்" என்று வாயை மூடுவார்கள். அது ஆறுதல் இல்லை. வெளியே போய் அழும் உரிமையும் போய்விடும்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவு அவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் எழுப்பாமல் தூங்கட்டும். அந்த இரண்டு இரவும் புரட்டுகிற முறை உங்களுடையது, உங்கள் மனைவியுடையது அன்று. மாதத்தில் இரண்டு நாள் அவரை அவருடைய தாய்வீட்டுக்கு அனுப்புங்கள், குழந்தையையும் அவர் தலையில் கட்டி அனுப்பாதீர்கள். போக மாட்டேன் என்பார். ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

---

மண்டபத்துத் தம்பி எழுதியது (ஜூன் 17):

அக்கா, ஆட்டோவை வாசலில் நிறுத்தித்தான் அனுப்பினேன். மதனி தொண்டிக்கருகே தாய்வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு நேற்று வந்தார். இரவு முறையில் எனக்கு இரண்டு மணியும் நான்கு மணியும், பெரியப்பா மகனுக்குப் பன்னிரண்டும் ஆறும். முதல் இரவிலேயே நான்கு மணியைத் தூங்கித் தவறவிட்டேன், அம்மா எழுந்து பார்த்துக்கொண்டார். இப்போது தொலைபேசியில் இரண்டு அலாரம் வைக்கிறேன்.

எலும்பைத் திரும்பப் பொருத்த ஜூலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றிலிருந்து எடுத்துத் தலையில் வைக்க ஒரே நாளில் இரண்டு இடத்தில் தையல் விழும், அதன்பின் தலைக்கவசம் வேண்டியிருக்காது என்றார்கள். அதுவரை கவசம் போடாமல் எழவிடுவதில்லை. மகள் அதில் மீன் படம் ஒட்டியிருக்கிறாள்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன அன்று மாலை, திண்ணையில் உட்கார வைத்திருந்தோம். அட்டையை ஒரு முறை பார்த்தார். வழக்கமான கேள்விக்காக நான் அந்த இரண்டு வாக்கியத்தோடு தயாராக இருந்தேன். அண்ணன் காரைப் பற்றிக் கேட்கவில்லை. "மாமா போய்ச் சேந்துட்டாரா?" என்று கேட்டார். விமான நிலையம் வரை நினைவு வந்திருக்கிறது என்று எனக்குப் புரிய சற்று நேரம் ஆயிற்று. சவூதிக்குக் காணொலி அழைப்புப் போட்டுக் கையில் கொடுத்தேன். மாமா பேசவே இல்லை, அழுதுகொண்டே இருந்தார். அண்ணன்தான் அவருக்கு அங்கே வெயில் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

மோதிய நேரத்து நினைவும் திரும்ப வருமா, வந்தால் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதுதான் இப்போது எங்கள் பயம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

ஓய்வுபெற்ற செவிலியர், இராமநாதபுரம் எழுதியது:

பெரும்பாலோருக்கு அந்தக் கணம் வருவதில்லை தம்பி. அதை மூளை பதிந்துவைக்கவே இல்லை. முன்னால் நடந்தவை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், மோதலுக்குச் சற்று முன்னே வந்து நின்றுவிடும். அவராகக் கேட்டால் அட்டையில் உள்ளதையே சொல்லுங்கள், நீங்களாகத் தூண்டிக் கேட்காதீர்கள். ஜூலைக்குப் போகும்போது வலிப்பு மாத்திரையின் அளவை மறுபடி கேட்டு எழுதி வாங்குங்கள். அறுவைக்கு முந்தைய இரவு அவருடன் யார் தங்குவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மதனியை அந்த இரவுக்குப் போடாதீர்கள், மறுநாள் அவர் விழித்திருக்க வேண்டும்.